நடை, மேடை, பாட்டு: அன்றாடப் பேச்சு செய்யும் வேலை

தமிழ்நாட்டின் சலூன்களிலும் டீக்கடைகளிலும் ‘இங்கு அரசியல் பேசாதீர்கள்’ என்ற பலகையைப் பலரும் பார்த்திருப்பார்கள். கைகலப்பு, கட்சிக்காரர்களின் கோபம், எழுந்து போகாத வாடிக்கையாளர் என்று கடைக்காரருக்கு அதற்குக் காரணங்கள் உண்டு. ஆனாலும் அந்தப் பலகைக்குக் கீழே அன்றைய நாளிதழ் தாள் தாளாகப் பிரிந்து நான்கு பேர் கையில் இருக்கும், அரசியலும் பேசப்படும். சர்க்கரை அளவைப் பற்றியோ, புதிதாக வந்த பாட்டைப் பற்றியோ பேசக் கூடாது என்று எந்தக் கடையிலும் எழுதிவைப்பதில்லை. அவை வம்பில்லாத விஷயங்கள் என்று எண்ணப்படுகின்றன. காலை நடை முடித்து வந்து உட்காருகிறவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டால், இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க முடியாது என்பது விளங்கும். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“என்ன சார், ரெண்டு நாளா கிரவுண்டு பக்கமே காணோம்?”

“முழங்கால் பிடிச்சுக்கிச்சுப்பா. டாக்டர் ஒரு வாரம் நடக்க வேண்டாம்னுட்டார்.”

“நடக்காம இருந்தா இன்னும்தான் பிடிக்கும், பாத்துக்கோங்க. மாஸ்டர், சாருக்குச் சர்க்கரை இல்லாம ஒண்ணு. நேத்து கூட்டத்துக்குப் போனீங்களா?”

“எங்க போறது? மொட்டைமாடியில இருந்தே எல்லாம் கேட்டுச்சு. முக்கா மணி நேரம் பேசினாரு. ஆஸ்பத்திரியில மாத்திரை இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லலியே.”

“அவர் வர்றதுக்கு முன்னாடி ஒரு பாட்டு போட்டாங்களே, அது எந்தப் படம்?”

“அதெல்லாம் ஒரு பாட்டாப்பா?”

“நாலு தடவ கேளுங்க மாமா. அஞ்சாவது தடவ நீங்களே முணுமுணுப்பீங்க.”

முழங்காலில் தொடங்கி, மேடை வழியாகப் பாட்டுக்கு வந்து சேர இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இத்தகைய பேச்சு என்ன செய்கிறது என்ற கேள்வியைச் சமூக அறிவியல் நூறாண்டுக்கும் மேலாகக் கேட்டுவருகிறது. அதற்குக் கிடைத்த பதில்களையும் தமிழ்நாட்டின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இது. உடற்பயிற்சி, மேடைப்பேச்சு, பாட்டு மூன்றுமே திரும்பத் திரும்ப வருவதால் நமக்குள் இறங்குகிறவை. அவற்றை ஊரெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அன்றாடப் பேச்சுதான்; நடுவில் நிறுத்தி “யார் சொன்னது?” என்று கேட்டதும் அதுதான். கொண்டுசேர்க்கும் வேலையை இப்போது கைப்பேசி எடுத்துக்கொண்டுவிட்டது. நிறுத்திக் கேட்கும் வேலைக்கு இன்னும் வேறு ஆள் வரவில்லை.

அறிஞர்கள் இந்தப் பேச்சை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. பசிபிக் கடலின் ட்ரோப்ரியண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, 1923இல் எழுதிய கட்டுரையொன்றில் இதற்குத் தனி இடம் கொடுத்தார். நலம் விசாரிப்பதும், வெயிலைப் பற்றிச் சொல்வதும், எல்லோருக்கும் தெரிந்ததையே இன்னொரு முறை சொல்வதும் செய்தி தருவதற்காக அல்ல, மனிதரை மனிதரோடு பிணைப்பதற்காக என்பது அவர் கருத்து. 1990களில் ராபின் டன்பர் இதைப் பரிணாமக் கதையாக விரித்தார். குரங்குகள் ஒன்றுக்கொன்று மயிர் கோதிவிட்டு உறவைக் காத்துக்கொள்கின்றன. மனிதர்கள் அதைப் பேச்சால் செய்கிறார்கள் என்றார். அவரும் அவருடைய சகாக்களும் பொது இடங்களில் நடக்கும் உரையாடல்களைக் கணக்கெடுத்தபோது, நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மனிதர்களையும் உறவுகளையும் பற்றியதாகவே இருந்தது. இயல்பாகக் கூடும் பேச்சுவட்டம் நான்கு பேரைத் தாண்டி நிலைப்பதில்லை என்றும் கண்டார்கள். ஐந்தாமவர் வந்து சேர்ந்தால் சற்று நேரத்தில் அது இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

1974இல் சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் மூவரும் எழுதிய ஆய்வு இன்னொரு அடிப்படையைக் காட்டியது. யார் எப்போது பேசுவது என்று யாரும் ஆணையிடாமலே, முறை மாறி மாறிப் பேச்சு ஒழுங்காக நடக்கிறது. 2009இல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, ஒருவர் முடித்ததற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக ஒரு நொடியில் ஐந்திலொரு பங்கு நேரம்தான் இருக்கிறது என்று கண்டது. இந்தச் சிறிய இடைவெளியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மேடையில் ஒருவர் பேசுகிறார், ஆயிரம் பேர் கேட்கிறார்கள். பாட்டிலும் அப்படித்தான். பெஞ்சில் மைக் யாருக்கும் சொந்தமில்லை. குறுக்கிடுவதற்கு அங்கே அனுமதி கேட்க வேண்டாம்.

மாலினோவ்ஸ்கி பாதியைத்தான் பார்த்தார் என்பேன். பேச்சு பிணைக்கிறது, சரி. அது கருத்தையும் உருவாக்குகிறது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் கப்ரியேல் தார்ட் 1901இலேயே இதைச் சொல்லிவிட்டார். நாளிதழ்கள் எவ்வளவுதான் அச்சிட்டாலும், அவற்றைப் பற்றி மக்கள் பேசாவிட்டால் பொதுக்கருத்து என்று ஒன்று உருவாகாது என்பது அவர் வாதம். 1940இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஈரி என்ற மாவட்டத்தில் அதிபர் தேர்தலை ஆராய்ந்த லாசர்ஸ்ஃபெல்ட் குழுவினர், வானொலியும் செய்தித்தாளும் வாக்காளர்களை நேரடியாக மாற்றும் என்று எதிர்பார்த்துப் போனார்கள். நிறையக் கேட்கும், படிக்கும் சிலர் வழியாகவே மற்றவர்களுக்குக் கருத்து போய்ச் சேருகிறது என்று கண்டு திரும்பினார்கள். பிறகு டிகேட்டர் என்ற ஊரில் சுமார் 800 பெண்களிடம் நடத்திய ஆய்வு 1955இல் நூலானது. மளிகை, உடை, சினிமா, பொதுவிவகாரம் ஆகிய நான்கிலும் யார் சொல்லை யார் கேட்கிறார்கள் என்று அதில் விசாரித்தார்கள். ஒன்றில் வழிகாட்டுபவர் மற்றொன்றிலும் வழிகாட்டுவதில்லை என்பதுதான் அந்த நூலின் அழகான கண்டுபிடிப்பு. நம் பெஞ்சிலும் அதுவே நடக்கிறது. மாத்திரையைப் பற்றி மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் தம்பியிடம் கேட்பார்கள். கட்சிக் கூட்டணியைப் பற்றி அவரிடம் கேட்க மாட்டார்கள்.

திரும்பத் திரும்ப வருவதன் வலிமைக்கு வருவோம். ஒன்றை அடிக்கடி கண்டாலே, கேட்டாலே போதும், அதன்மேல் விருப்பம் கூடுகிறது என்று உளவியலாளர் ஸயான்ஸ் 1968இல் சோதனைகளால் காட்டினார். நான்கு தடவை கேளுங்கள் மாமா என்ற இளைஞன் சொன்னதும் அதுவே. 1977இல் ஹேஷர், கோல்ட்ஸ்டீன், டொப்பினோ ஆகியோர் அதைவிடக் கவலை தரும் ஒன்றைக் கண்டார்கள். மெய்யோ பொய்யோ, ஒரு கூற்றைப் பலமுறை கேட்டவர்கள் அதை உண்மை என்று நம்பும் போக்கு கூடுகிறது. 2010இல் லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்து, ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்கு எத்தனை நாளாகும் என்று பார்த்தார்கள். நடுமதிப்பு 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் என்ற கணிப்பு. பழக்கம், முழக்கம், பல்லவி மூன்றையும் ஒரே வாசல்தான் உள்ளே விடுகிறது. காலை நடை அந்த வாசல் வழியாக வந்தால் நன்மை. பொய் வந்தாலும் அதே மரியாதையோடு உட்கார்ந்துகொள்கிறது.

உடல்நலப் பேச்சில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்ற கணக்கை இன்று மெரினாவிலிருந்து மதுரை ரேஸ்கோர்ஸ் வரை கேட்கலாம். இது மருத்துவ ஆய்வில் பிறந்த எண் அல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் உடற்பயிற்சி ஆர்வம் பெருகியபோது, யமாசா என்ற நிறுவனம் 1965இல் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலேயே பத்தாயிரம் இருந்தது. சொல்ல எளிய, முழுமையான எண். வாய்வழியே உலகைச் சுற்றியது. 2019இல் ஐ-மின் லீ குழுவினர் சராசரி வயது 72 கொண்ட 16,741 அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்தார்கள். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைவு. ஏறக்குறைய 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை. 2022இல் பதினைந்து ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை, அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு 6,000 முதல் 8,000 வரையும், இளையவர்களுக்கு 8,000 முதல் 10,000 வரையும் போதும் என்றது. முழங்கால் வலியோடு பத்தாயிரத்தை எட்ட முடியாமல் மனமுடைந்து நடையையே விட்டுவிடும் பெரியவருக்கு இந்தச் செய்தி யார் வழியாகப் போய்ச் சேரும்? ஆய்விதழ் வழியாக அல்ல. “மாமா, நாலாயிரமே போதுமாம், விடாதீங்க” என்று பக்கத்தில் நடப்பவர் சொன்னால்தான் உண்டு.

தமிழக அரசு 2023இல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையை வரையறுத்தது. பாராட்ட வேண்டிய முயற்சி. நம் நிலைமை அப்படி. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை முன்னின்று நடத்திய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, 2023இல் இந்தியாவில் நீரிழிவோடு வாழ்வோர் 10 கோடியைத் தாண்டிவிட்டதாக மதிப்பிட்டது. அடுத்த ஆண்டு லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த கணிப்பின்படி, 2022இல் இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதிய உடலசைவு இல்லை. ஆண்களில் 42 விழுக்காடு, பெண்களில் 57 விழுக்காடு.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலசைவு வேண்டும் என்கிறது. மிதம் என்றால் எவ்வளவு? கருவி எதுவும் வேண்டாத ஓர் அளவை மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. நாலு வார்த்தைக்கு மேல் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் அது கடும் பயிற்சி. உடலுக்கு நல்லதான வேகமும் உரையாடலுக்கு ஏற்ற வேகமும் ஒன்றாக இருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி தரும் செய்தி. இருவர் பேசிக்கொண்டே நடக்கும்போது அளவு தானாகவே சரியாகிவிடுகிறது.

பழக்கம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது என்பதற்கும் சான்று உண்டு. சினான் ஆரல், கிறிஸ்டோஸ் நிகொலய்டீஸ் இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, பதினொரு லட்சம் ஓட்டக்காரர்களின் ஐந்தாண்டுப் பதிவுகளை எடுத்துக்கொண்டது. நண்பர் ஒருவர் கூடுதலாக ஓடினால் நாமும் ஓடுகிறோம். ஆண்களை ஆண்களும் பெண்களும் தூண்டுகிறார்கள். பெண்களைப் பெண்களே தூண்டுகிறார்கள். இந்தக் கடைசி முடிவு, நான் பிறகு சொல்லப்போகும் ஒன்றுக்கு முக்கியம்.

உடற்பயிற்சிப் பேச்சில் வர்க்கம் ஒளிந்திருக்கிறது என்பதையும் விட்டுவிடக் கூடாது. ஜெரமி மோரிஸ் 1953இல் லண்டன் இரட்டைமாடிப் பேருந்துகளை ஆராய்ந்து, உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநர்களைவிட நாள் முழுக்கப் படியேறி இறங்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று காட்டினார். வேலையே உடற்பயிற்சியாக இருந்தவர்களின் கதை அது. சித்தாளாகச் செங்கல் சுமப்பவரிடம் போய்ப் பத்தாயிரம் அடி என்று சொல்வதில் பொருளில்லை. ஆனால் அவருக்கும் ரத்த அழுத்தம் வருகிறது, சர்க்கரை வருகிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டு வாசலுக்கு வந்து ரத்த அழுத்தம் பார்க்கும் பெண் பணியாளரின் வாய்ச்சொல் அங்கே எந்த விளம்பரத்தையும்விட அதிகம் வேலை செய்யும்.

வடசென்னையில் உடலும் கட்சியும் ஒரே கூரைக்குக் கீழ் வளர்ந்தன. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை சுழற்றும் தேகப்பயிற்சிக் கூடங்களும் குத்துச்சண்டைப் பரம்பரைகளும் அங்கே இளைஞர்கள் கூடும் இடங்கள். அங்கேயே அரசியலும் பேசப்பட்டது. 2021இல் வந்த பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’, அந்த உலகை நெருக்கடிநிலைக் காலத்தில் நிறுத்திக் காட்டியது. சிலம்பமும் தேகப்பயிற்சியும் தெரிந்த எம்.ஜி.ஆரின் உடற்கட்டு அவருடைய அரசியலில் எவ்வளவு பங்கு வகித்தது என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியனின் 1992ஆம் ஆண்டு நூலைப் படித்தவர்கள் அறிவார்கள்.

மேடைப்பேச்சு நாம் நினைக்கிற அளவுக்குப் பழையதல்ல. பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1990களில் மதுரையில் தங்கித் தமிழ் மேடையை ஆராய்ந்தார். பொதுமக்களைப் பொதுமக்களாகக் கருதி, தமிழில் நின்று பேசுவது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறித்தவப் பிரசங்கத்திலும், அதற்கு எதிராக 1847இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் தொடங்கிய சைவப் பிரசங்கத்திலும் வேர்கொண்டது என்று அவர் எழுதினார். அரசியலுக்கு அது வந்து சேர்ந்தது சுதேசி இயக்கத்தில். 1907 மே மாதம் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் ஆங்கிலத்தில் பேசினார். 1908 தொடக்கத்தில் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் ஆலைத் தொழிலாளர்களிடம் தமிழில் பேசினார்கள். மார்ச் 12ஆம் தேதி அவர்கள் கைதானதும் திருநெல்வேலி கொந்தளித்தது. சில மாதத் தமிழ்ப் பேச்சு ஓர் ஊரை அந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தது. கூட்டம் கலைந்த பிறகு ஆலைக்குப் போகும் வழியிலும் வீட்டுத் திண்ணையிலும் அந்தச் சொற்கள் திரும்பத் திரும்பப் பேசப்படாமல் அந்தக் கொந்தளிப்பு நடந்திருக்காது.

பின்னர் வந்தவர்களின் நடை பலவகை. பெரியார் பேச்சுவழக்கிலேயே மணிக்கணக்கில் வாதாடினார். கேள்வியைத் தானே எழுப்பி விடையும் சொன்னார். காமராசர் சுருக்கமாக, வீட்டில் பேசுவது போலப் பேசினார். 1949 செப்டம்பரில் தி.மு.க.வைத் தொடங்கிய அண்ணாவும் அவர் தம்பிமாரும் அடுக்குமொழியும் எதுகையும் கொண்ட செந்தமிழை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். வாக்குரிமை எல்லோருக்கும் வந்த காலத்தில், எல்லோரும் பேசாத ஒரு தமிழ் எப்படி மக்களை ஈர்த்தது என்பது பேட் எழுப்பிய கேள்வி. அந்தத் தமிழைக் கேட்டவர்கள் அதை மறுநாள் தங்கள் வாயில் போட்டுப் பார்த்தார்கள் என்பதில் அதற்கு விடையின் ஒரு பகுதி இருக்கிறது. படிப்பகத்திலும் சலூனிலும் தலைவரின் குரலில் பேசிக்காட்டாத இளைஞன் அன்று அரிது. 1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் புரிந்துகொள்ளும் தமிழில் வந்தது. ஒருவர் உரக்கப் படிக்க, பலர் கேட்டுக் கருத்துச் சொன்னார்கள்.

1967 தேர்தல் முழக்கத்தை எடுத்துக்கொள்வோம். அரிசிப் பஞ்சம் வாட்டிய நேரத்தில் தி.மு.க. ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்றது. ஓசையும் அளவும் கச்சிதமாக அமைந்த வாக்கியம். ஒரு முறை கேட்டவர் மறக்க மாட்டார். ஆட்சிக்கு வந்ததும் ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. அதே எதுகைதான் பிறகு ஆட்சியாளர்களிடம் கணக்குக் கேட்கவும் பயன்பட்டது. நாவில் நிற்கும் வாக்குறுதி, கேட்பவர் கையில் சாட்சியாகவும் மாறும். ஒரு கட்சி தன் முழக்கத்தை மக்கள் வாயில் ஏற்றிவிட்டால், அதை அங்கிருந்து இறக்குவது அந்தக் கட்சியாலும் முடியாது. மேடைக்கும் பெஞ்சுக்கும் இடையிலான இந்தப் போக்குவரத்தைத்தான் நான் மக்களாட்சியின் அன்றாட நடைமுறை என்று கருதுகிறேன்.

இன்று முழுப் பேச்சைக் கேட்பவர் குறைவு. முக்கால் மணி நேரத்திலிருந்து முப்பது நொடி நறுக்கப்பட்டு, பின்னணி இசை சேர்க்கப்பட்டு, கைப்பேசிக்கு வருகிறது. அதைப் பார்ப்பவர் பெரும்பாலும் ஏற்கெனவே அந்தப் பக்கம் நிற்பவர். டயானா மட்ஸ் 2006இல் எழுதிய நூலில் ஒரு கசப்பான முடிவைச் சொல்கிறார். மாற்றுக் கருத்துள்ளவர்களோடு பேசுகிறவர்களுக்குச் சகிப்புத்தன்மை கூடுகிறது, ஆனால் அரசியலில் இறங்கி வேலை செய்யும் வேகம் குறைகிறது. ஒத்த கருத்துள்ளவர்களோடு மட்டும் பேசுகிறவர்கள் உற்சாகமாகக் களம் இறங்குகிறார்கள். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் முதலாவதை எடுப்பேன். களம் இறங்க ஆள் திரட்டக் கட்சிகள் இருக்கின்றன. எதிர்க்கட்சிக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து “சொல்லுங்கண்ணே, உங்க ஆளு செஞ்சது சரியா?” என்று கேட்கப் பெஞ்சைத் தவிர வேறிடம் இல்லை.

பாட்டும் மேடையும் ஒரே குழாய் ஸ்பீக்கரில் வந்தவை. கோயில் கொடைக்குப் பாட்டுப் போட்ட மைக்செட்காரரே கட்சிக் கூட்டத்துக்கும் ஒலி அமைத்தார்; தலைவர் வரும்வரை நாகூர் ஹனீபாவின் குரல் கூட்டத்தைப் பிடித்து நிறுத்தியது. இசை பற்றிய பேச்சு அரசியலாகவே நடந்த காலமும் உண்டு. 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டிலிருந்து மியூசிக் அகாதெமி பிறந்தது. மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் எங்கே என்று கேட்டு எழுந்த தமிழிசை இயக்கம், ராஜா அண்ணாமலை செட்டியாரின் முயற்சியில் 1943இல் தமிழ் இசைச் சங்கமானது. எந்த மொழியில் பாடுவது என்று சபா வாசலில் நடந்த வாக்குவாதம், யாருடைய ஊர் இது என்ற வாக்குவாதமாகவும் இருந்தது.

1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைக் குறைத்தார். நம்மவர்கள் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். தென்மாவட்டங்களில் அது தெளிவாகக் கேட்டது. அறிவிப்பாளர் மயில்வாகனனும், பின்னர் கே.எஸ். ராஜாவும், பி.எச். அப்துல் ஹமீதும் இங்கே வீட்டு மனிதர்களைப் போல ஆனார்கள். கேஸ்கர் தன் கொள்கையால் மக்களின் ரசனையை உயர்த்த எண்ணினார். மக்கள் தங்களுக்குள் பேசி வேறு முடிவெடுத்தார்கள். 1957இல் விவித பாரதி தொடங்கப்பட்டதை அந்த முடிவுக்குக் கிடைத்த பதிலாகவே பார்க்கிறேன்.

புதிய இசை வரும்போதெல்லாம் ஒரே தர்க்கம் நடக்கிறது. 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோதும், 1992இல் ‘ரோஜா’ வந்தபோதும், 2012இல் ‘3’ படத்தோடு அனிருத் வந்தபோதும் முந்தைய தலைமுறை முகம் சுளித்தது. ஹோல்ப்ரூக், ஷிண்ட்லர் இருவரும் 1989இல் கண்டதன்படி, ஏறக்குறைய இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் கேட்ட பாட்டே ஒருவருக்கு உச்ச விருப்பமாக நிலைக்கிறது. ஆகவே, இசையைப் பற்றிச் சண்டை போடும் மாமாவும் மருமகனும் பல நேரங்களில் தங்கள் இளமையை முன்வைத்தே வாதாடுகிறார்கள். அது தவறில்லை. அந்த வாதத்தில்தான் மருமகன் எம்.எஸ்.வி.யைக் கேட்கத் தொடங்குகிறான். மாமா புதிய தாளத்துக்குக் காலைத் தட்டத் தொடங்குகிறார். ஊருக்கு ஊர் இருந்த ரெக்கார்டிங் கடைகளில் காகிதத்தில் பாட்டுகளை எழுதிக்கொடுத்துக் கேசட் பதியச் சொன்ன காலத்தில், “இதை எடுத்துட்டு அதைப் போடுங்க, நல்லாருக்கும்” என்ற கடைக்காரரின் ஒரு சொல் பலருடைய ரசனையின் திசையை மாற்றியிருக்கிறது.

எந்தப் பாட்டு வெல்லும் என்பதைத் தரம் மட்டும் முடிவுசெய்வதில்லை. சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் 2006இல் 14,341 பேருக்கு, பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகளைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் எதை விரும்பினார்கள் என்று தெரிந்த குழுக்களில், வென்ற பாட்டு மிக அதிகமாக வென்றது. எது வெல்லும் என்பதும் குழுவுக்குக் குழு மாறியது. மிக நல்லது அடியோடு தோற்கவில்லை, மிக மோசமானது வெல்லவில்லை. இடைப்பட்டவற்றுக்கு எதுவும் நடந்தது. இன்று அந்த ‘மற்றவர்கள்’ ஓர் எண்ணிக்கையாகத் திரையில் நிற்கிறார்கள். எண்ணிக்கையிடம் “உனக்கு ஏன் பிடித்தது?” என்று கேட்க முடியாது.

கேட்க முடிந்த இடங்களில் இசை வேறு வேலை செய்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் ராப்பையும் சாதி எதிர்ப்பையும் ஒன்றாக்கியது. 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசைத்த ‘என்ஜாய் எஞ்சாமி’, நிலமற்ற உழைப்பாளிகளின் நினைவைக் கல்யாண வீடுகளின் ஆட்டத்துக்குள் கொண்டுவந்தது. பிறகு அந்தப் பாட்டின் பெருமையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற சர்ச்சை எழுந்தபோது, ஆடியவர்கள் உட்கார்ந்து சாதியையும் உழைப்பையும் உரிமையையும் பற்றிப் பேச நேர்ந்தது.

நடையும் மேடையும் பாட்டும் ஒரே சாலையில் போன நிகழ்வு நம் வரலாற்றில் உண்டு. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார்கள். ஏறத்தாழ 240 கிலோமீட்டர், பதினைந்து நாள் நடை. வழிநடைக்கென்றே நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை ஒரு பாட்டை எழுதிக் கொடுத்திருந்தார். அது அன்று புத்தம்புதுப் பாட்டு. தங்கிய ஊர்களில் கூட்டங்கள் நடந்தன. தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களுக்குச் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அறிவித்தார். உணவு நின்றுவிடவில்லை. மக்கள் மறைவாக வைத்துவிட்டுப் போனார்கள்; எங்கே வைத்திருக்கிறது என்ற செய்தி வாய்வழியே தொண்டர்களைச் சென்றடைந்தது. ஏப்ரல் 30இல் ராஜாஜி உப்பெடுத்துக் கைதானார். இந்நிகழ்வைத் தலைவரின் கதையாகவே சொல்லிவருகிறோம். கலெக்டரின் ஆணையைத் தோற்கடித்தது கிசுகிசுப்பாக ஊர் விட்டு ஊர் போன பேச்சு.

அன்றாடப் பேச்சை இவ்வளவு புகழ்ந்த பிறகு, அந்தப் பெஞ்சில் யாருக்கு இடமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘பிராமணாள்’ என்ற சொல்லோடு உணவகப் பலகைகள் தொங்கிய ஊர் இது. 1957இல் பெரியார் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன் மறியல் நடத்த வேண்டியிருந்தது. கிராமத்து டீக்கடைகளில் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைத்ததும், பெஞ்சில் உட்கார விடாமல் நிற்கவைத்ததும், தரையில் குந்தவைத்ததும் நம் காலத்திலும் தொடர்ந்தவை. சமமாக உட்கார முடியாதவன் குறுக்கிட்டுப் பேசவும் முடியாது. அப்படிப்பட்ட கடையில் உருவான கருத்தை ஊரின் கருத்து என்று சொல்வது பொய்.

பெண்களுக்கு டீக்கடை பெஞ்சு இன்றும் எட்டாத இடம்தான். அவர்களுடைய பேச்சு ரேஷன் வரிசையிலும், நூறுநாள் வேலைத் தளத்திலும், 1989இல் தர்மபுரியில் தொடங்கிப் பரவிய சுயஉதவிக் குழுக் கூட்டங்களிலும் நடக்கிறது. விலைவாசியையும் கணவரின் குடியையும் தைராய்டு மாத்திரையையும் தேர்தல் வாக்குறுதியையும் அங்கே ஒரே மூச்சில் எடைபோடுகிறார்கள். கருத்துக் கணிப்பாளர்கள் டீக்கடையில் மைக்கை நீட்டிவிட்டு ஊரின் மனநிலை என்று எழுதும்போது பாதி ஊர் விடுபடுகிறது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாமல் போனதை வெறும் பணச் சேமிப்பாக நான் பார்க்கவில்லை. ஒரே நேரத்துப் பேருந்தில் தினமும் ஒன்றாகப் போகும் பெண்களுக்கு அது ஒரு பேச்சிடத்தைத் திறந்துவிட்டது.

ஆகவே, நடைபாதைகளை அமைக்கும் அரசும் உள்ளாட்சிகளும் கிலோமீட்டரை மட்டும் கணக்கிட்டால் போதாது. பெண்களைப் பெண்களே நடக்கத் தூண்டுகிறார்கள் என்றால், விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் அவர்கள் சேர்ந்து வர வெளிச்சம் வேண்டும். திறந்திருக்கும் கழிப்பறை வேண்டும். நடைபாதையின் ஓரத்தில் நான்கு பேர் எதிரெதிராக உட்காரும்படி பெஞ்சுகளைப் போட வேண்டும். பல ஊர்களில் பூங்காக்களைப் பகலில் பூட்டிவைக்கிறார்கள். வேலையில்லாத மதியத்தில் முதியவர்களும் வீட்டுவேலை முடித்த பெண்களும் போய் உட்கார வேறிடம் கிடையாது. முதலில் அந்தப் பூட்டுகளை எடுக்க வேண்டும்.